கப்பலில் மழை பெய்யாது

என் அண்ணி ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். சிறுவர்களுக்காக ஒரு விண்வெளி நாவல் எழுதியவர் என்றும் இப்போது சேர்த்துச் சொல்ல வேண்டும். இதைச் சொன்னதும் எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர், "யாரு, உங்க அண்ணியா?" என்று இழுத்தார்கள். அந்த இழுப்பு எனக்குப் பிடிக்காது. ஆமாம், என் அண்ணியேதான். உங்கள் அண்ணி எழுதவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

எனக்கு மூக்கு நுனியில் கோபம். சின்ன வயதிலேயே என் அண்ணன் எனக்குப் 'பட்டாசு' என்று பெயர் வைத்துவிட்டார். கல்யாணமாகியும் அந்தப் பெயர் போகவில்லை. பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை பார்க்கிறேன், அங்கேயும் எப்படியோ மோப்பம் பிடித்து வந்து சேர்ந்துவிட்டது.

அண்ணி வேலை செய்யும் இடம் மருத்துவமனையின் அடித்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் இல்லாத நீளமான அறை. அழுக்குத் துணி ஒரு கதவு வழியாக வரும், சுத்தமான துணி வேறொரு கதவு வழியாகப் போகும். இரண்டும் எதிரும் புதிருமாகக்கூடச் சந்திக்கக் கூடாது. இரத்தக் கறை பட்டதைப் பச்சைத் தண்ணீரில்தான் முதலில் அலச வேண்டும், சுடுதண்ணீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். பைகளைப் பிரிக்கும்போது விரிப்புகளுக்கு நடுவே என்னென்னமோ கிடைக்கும். ஒரு முறை யாருடைய பல்செட்டோ வந்துவிட்டது. அதைக் கழுவி எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறி, சொந்தக்காரரைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார் அண்ணி. "சாப்பாட்டு நேரம் வருதுல்ல, அவரு என்ன பண்ணுவாரு?" என்றார். இதுதான் அவர் குணம். அடுத்தவர் சங்கடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வராது.

நாவலும் அந்த அறையில்தான் ஆரம்பித்தது. சாப்பாட்டு இடைவேளையில் சலவை இயந்திரத்தின் வட்டக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். உள்ளே வெள்ளை விரிப்புகள் மெதுவாகச் சுற்றின, யாரோ காற்றில்லாத இடத்தில் மிதப்பதுபோல் இருந்ததாம். உடனே கைப்பேசியை எடுத்துக் கட்டைவிரலால் தட்ட ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அவர் இடைவேளையில் யாரிடமும் ஊர்வம்பு பேசியதில்லை.

கதை இதுதான். பல தலைமுறைகளுக்கு முன்னால் பூமியை விட்டுக் கிளம்பிய ஒரு கப்பல். அதிலேயே பிறந்து வளர்ந்த ஒரு சிறுமி. கப்பலின் பெரிய கதவைத் திறந்து மூடும் ஒரு பழைய ரோபோ, அதற்குக் கதவுக்காரன் என்று பெயர். வேலைக்கு ஆகாத இயந்திரத்தைக் கழற்றி உதிரிபாகமாக எடுத்துக்கொள்வது அந்தக் கப்பலின் சட்டம். கதவுக்காரனுக்குக் காதுக் கருவி பழுதாகிவிடுகிறது. கழற்றிவிடுவார்களே என்ற பயத்தில் அவன் அதை மறைக்கிறான். எது கேட்டாலும் தலையாட்டுகிறான். சிறுமி அதைக் கண்டுபிடிக்கிறாள்.

இங்கேதான் என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணன் ஒரு இரும்புக் கிடங்கில் கிரேன் ஓட்டுகிறார். கூரைக்குக் கீழே தொங்கும் சின்ன அறையில் உட்கார்ந்து, கீழே நிற்கிறவர் காட்டும் கை ஜாடையைப் பார்த்து இரும்புக் கட்டுகளைத் தூக்கி இறக்கும் வேலை. கட்டைவிரல் மேலே போனால் தூக்கு, உள்ளங்கை விரிந்தால் நிறுத்து. அங்கே கண்தான் எல்லாம். அதனால் அவருக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது வேலையிடத்தில் யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் தெரியாமல் இருக்குமா? அழைப்பு மணி அடித்தால் அசைய மாட்டார். கேள்வி கேட்டால் "ம், சரி" என்பார். வேலைக்காக வெளியூரில் இருக்கும் அவருடைய மகள் ஒரு முறை வந்திருந்தபோது, "அப்பா, ஒரு காது டாக்டரைப் பாக்கலாமா?" என்றாள். அவ்வளவுதான். அவள் ஊருக்குத் திரும்பும் வரை அண்ணன் ஒருவரோடும் சேர்ந்து சாப்பிட உட்காரவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் 'காது' என்ற சொல்லையே யாரும் வாயில் வைப்பதில்லை.

ஆனால் அண்ணிக்கும் எனக்கும் உள்ளுக்குள் ஒரே பயம். கீழே யாராவது கட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டு கத்தி, அது மேலே இருக்கிற இந்த மனிதருக்குக் கேட்காமல் போனால்? அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் கைப்பேசி அடித்தாலே அண்ணி கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார். அவர் தானாக ஒரு நாள் வாயைத் திறந்து சொல்லமாட்டாரா என்றுதான் காத்திருந்தோம்.

ரோபோவுக்குக் காது கேட்காது என்று அண்ணி கதை சொன்னபோது எனக்கு லேசாக உறைக்கத்தான் செய்தது. ஆனாலும் ரோபோ ரோபோதானே, தகர டப்பாவுக்கும் என் அண்ணனுக்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிட்டேன்.

ஒரு சின்னப் பதிப்பகம் நாவலைப் போட ஒப்புக்கொண்டது. ஒரு நிபந்தனை இருக்கிறது, நேரில் வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். அண்ணி துணைக்கு என்னை அழைத்துக்கொண்டு போனார். மாடியில் ஒரு அறை. நாற்காலி தவிர மற்ற எல்லாவற்றின் மீதும் புத்தகங்கள். பதிப்பாசிரியர் அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்துக்கொண்டு பென்சிலால் மேசையைத் தட்டினார்.

"இந்தப் பொண்ணு எங்க பொறந்தா?"

"கப்பல்ல," என்றார் அண்ணி.

"கப்பலை விட்டு எறங்கியிருக்காளா?"

"இல்ல."

"அப்புறம் 'கோடை மழை போல அழுதாள்'னு எப்படி நினைப்பா? மழையை எங்க பாத்தா? இங்க பாருங்க, ஆறு போலக் கூட்டம் வருது. மரம் போல நிக்கிறாங்க. யானை போலக் கோபம். கதையை அவதானே சொல்றா? அவ பாத்ததைத்தானே அவளால ஒப்பிட முடியும்?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. "மேடம், கதைதானே? படிக்கிற பசங்களுக்கு மழை தெரியும்ல?" என்றேன்.

"படிக்கிற பசங்களுக்கு அவ யாருன்னு தெரியணும்ல?" என்றார் அவர், என்னைப் பார்க்காமலே. வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அண்ணி கைகளை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு, "அவங்க சொல்றது சரிதான் பட்டாசு. கப்பல்ல மழை பெய்யாது," என்றார். எல்லா உவமைகளையும் மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டார். சீக்கிரம் தந்தால் விடுமுறைக்குப் பிள்ளைகள் கையில் புத்தகம் இருக்கும், இல்லாவிட்டால் அடுத்த வருடம்தான் என்றார் அந்த அம்மா.

அதற்குப் பிறகு அண்ணி பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். கப்பலில் கடல் கிடையாது, பறவை கிடையாது, பூ கிடையாது. குழாய் உண்டு, விளக்கு உண்டு, படுக்கை உண்டு, மனிதர்கள் உண்டு. அதற்குள்ளேதான் தேட வேண்டும். பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "பனி போல வெள்ளைக்கு என்ன சொல்லலாம்?" என்பார். நான் சோப்பு என்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "இன்னும் யாரும் படுக்காத விரிப்பு போல வெள்ளை," என்று தட்டுவார். மரம் போல அசையாமல் நின்றவர்கள், ஊசி போடக் கையை நீட்டிய பிள்ளை போல அசையாமல் நின்றார்கள். யானைக் கோபத்துக்கு எங்கள் கடை முதலாளியம்மாவைச் சிபாரிசு செய்தேன். அது கப்பலின் தலைமைச் சமையல்காரியின் கோபமாகப் போய்ச் சேர்ந்தது. சொல்லக் கூடாது, ஒவ்வொன்றும் முன்பு இருந்ததைவிட நன்றாக இருந்தது. பதிப்பாசிரியர் அம்மாவை நான் மனதுக்குள் மன்னித்துவிட்டேன்.

அவசரம் வேறு. துணியைப் பிரித்துக்கொண்டே யோசிப்பார், உலர்த்தும் இயந்திரம் நிற்கும் வரை தட்டுவார், வந்ததை எழுதி அனுப்பிவிடுவார். திரும்பிப் படிக்க நேரமே இல்லை.

புத்தகம் வந்தது. அட்டையில் வட்ட ஜன்னல், அதற்குள் ஒரு சிறுமியின் முகம். அண்ணி எனக்கு ஒரு பிரதி கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டில் டீயும் கையுமாக உட்கார்ந்தேன். பாதி வரை சிரித்துக்கொண்டே படித்தேன். பிறகு கதவுக்காரன் வரும் அத்தியாயம் வந்தது.

முன்பு அண்ணி படித்துக் காட்டியபோது, 'மின்னலுக்குப் பிறகு வரும் இடியைப் போல, கதவுக்காரன் ஒரு கணம் தாமதித்துத் திரும்பினான்' என்று இருந்தது. கப்பலில் ஏது மின்னல்? இப்போது அந்த இடத்தில் இப்படி இருந்தது: 'சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, முகங்களைப் பார்த்துவிட்டுச் சிரிக்கும் என் அப்பாவைப் போல, கதவுக்காரன் ஒரு கணம் தாமதித்துத் திரும்பினான்.'

டீயைக் கீழே வைத்துவிட்டேன். அடுத்த பக்கத்தில், 'பேசுகிறவரின் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்க்கும் என் அப்பாவைப் போல' என்று இருந்தது. அதற்கும் அடுத்ததில், 'என்ன கேட்டோம் என்று தெரியாமலே சரி என்று சொல்லிவிட்டு, அது சரியான பதில்தானா என்று நம் முகத்தில் தேடும் என் அப்பாவைப் போல.'

அது சிறுமியின் அப்பா இல்லை. அது என் அண்ணன். சட்டைப் பொத்தான் வரைக்கும் என் அண்ணன்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. வீட்டில் ஒரு சொல் பேசப் பயப்படுகிறோம், இவர் அச்சடித்து ஊருக்கே கொடுத்துவிட்டாரே! அண்ணன் படித்தால் என்ன ஆகும்? மகள் அன்பாகக் கேட்ட ஒரு கேள்விக்கே அப்படி ஒடுங்கிப்போன மனிதர். இதைப் பார்த்தால் கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டது மாதிரிதான். இனி ஜென்மத்துக்கும் திறக்க மாட்டார், டாக்டரிடம் போகவும் மாட்டார், கிரேனை விட்டு இறங்கவும் மாட்டார். புத்தகத்தைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் அண்ணியிடம் கேட்க வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

அண்ணி சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் போன வேகத்தில் கதவு சுவரில் மோதியது.

"அண்ணி, இது யாரு?" பக்கத்தைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"என்ன யாரு? அந்தப் பொண்ணோட அப்பா."

"அந்தப் பொண்ணோட அப்பாவா? நல்லாப் படிங்க."

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு படித்தார். முதல் வரியில் அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இரண்டாவது இடத்துக்கு வந்தபோது உதடு அசைவது நின்றது. மூன்றாவதைப் படித்து முடித்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் என் ஒத்திகை எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"நான் அவரை நினைச்சு எழுதலடி," என்றார். "ரோபோவுக்கு வெளியில தெரியாத பழுது ஒண்ணு வேணும்னு வெச்சேன். அப்புறம் இடி, மின்னல் எல்லாம் எடுக்கணும்னு சொன்னாங்க. என்ன போடலாம்னு யோசிச்சா இதுதான் வந்துச்சு. எங்கயிருந்து வருதுன்னுகூட நான் பாக்கல. பெத்த தாய் சத்தியமா தெரியல."

"அவரு படிச்சா?"

"அவரு நான் எழுதுறதை எப்பப் படிச்சாரு?" என்று சொன்னவர், சட்டென்று கூடத்தின் பக்கம் திரும்பினார். "காலையில மேசை மேல ஒண்ணு வெச்சிருந்தேன்."

"ஐயோ அண்ணி!"

"மெதுவாப் பேசு."

"மெதுவாப் பேசி என்ன ஆகப் போகுது? அவருக்குத்தான்..." நாக்கைக் கடித்துக்கொண்டேன். சமையலறைக்குள் நின்றுகொண்டுகூட என்னால் அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. இரண்டு பேரும் எட்டிப் பார்த்தோம்.

மேசை மேல் புத்தகம் இல்லை. அண்ணன் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். புத்தகம் அவர் மடியில் விரிந்திருந்தது, பாதிக்கு மேல் தாண்டியிருந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்ததால் முகம் தெரியவில்லை. அவர் படிக்கிற மாதிரியும் இல்லை, ஒரே பக்கத்தில் கை அப்படியே இருந்தது.

நான் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டேன். அண்ணி மட்டும் மெல்ல நடந்து போய் அவர் எதிரில் நின்றார். பின்னாலிருந்து கூப்பிட்டால் அவருக்குத் தெரியாது, எதிரில் போய்த்தான் நிற்க வேண்டும். அண்ணி அதை எத்தனையோ காலமாக அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். திரும்பி என்னையும் பார்த்தார். வெடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் புத்தகத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு, "கடைசியில இவனைக் கழட்டிப் போட்டுருவாங்களா?" என்று கேட்டார்.

"யாரை?" என்றார் அண்ணி.

"கதவுக்காரனை. கடைசிப் பக்கத்தைப் பாக்கலாம்னு நினைச்சேன். பயமா இருந்துச்சு."

அண்ணி தரையைப் பார்த்தபடி ஏதோ சொன்னார், எனக்கே சரியாக விழவில்லை. அண்ணன் அவர் வாயைப் பார்த்தார். வழக்கம்போல "ம், சரி" என்று சொல்லித் தலையாட்டப் போகிறார் என்று நினைத்தேன். தலை பாதி அசைந்தும்விட்டது. பிறகு நின்றுவிட்டது.

"எனக்குக் கேக்கல," என்றார் அண்ணன். "திரும்பச் சொல்லு."

அந்த வீட்டில் அப்படி ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அண்ணி அப்படியே தரையில் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"கழட்ட மாட்டாங்க. அந்தப் பொண்ணு விடமாட்டா. எல்லாரும் அவன் எதிர்ல வந்து நின்னு பேசக் கத்துக்குவாங்க. அப்புறம் அவனுக்கு வேற காது வெப்பாங்க."

அண்ணன் நீளமாக ஒரு மூச்சு விட்டார். கொஞ்ச நேரம் புத்தகத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நான் வேணும்னு எழுதல..." என்று ஆரம்பித்தார் அண்ணி.

அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க. சிரிக்கிறது, வாயைப் பாக்குறது, எல்லாம் சரி. ஒண்ணே ஒண்ணுதான் தப்பு." புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினார். "கதவுக்காரனுக்கு எப்படி இருந்துச்சுன்னு இந்தப் பொண்ணு சொல்றா பாரு, மூடுன கதவுக்கு அந்தப் பக்கம் எல்லாரும் பேசுற மாதிரின்னு. அப்படி இல்ல."

"பின்ன எப்படிங்க?"

அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இவ்வளவு பேச வேண்டியிருக்கும் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"மூடுன கதவுன்னா தட்டலாம்ல? இது கிரேன் மேல உக்காந்திருக்கிற மாதிரி. கீழ எல்லாரும் தெரியுறாங்க. வாய் அசையுது, சிரிக்கிறாங்க, ஒருத்தனை ஒருத்தன் தோள்ல தட்டுறாங்க. எல்லாம் பளிச்சுனு தெரியுது. ஆனா எல்லாரும் கீழ இருக்காங்க. நான் மட்டும் மேல இருக்கேன். நம்ம வீட்டுல உக்காந்து சாப்பிடும்போதும் அப்படித்தான் இருக்கு."

நான் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறார். சத்தமாகச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"போன மாசம் கீழ ஒருத்தன் கால் மாட்டிக்கிட்டுக் கத்தியிருக்கான்," என்றார் அண்ணன். "எனக்கு ஒண்ணும் தெரியல. எதிர்ல நின்னவன் உள்ளங்கையைக் காட்டுனான், நிறுத்திட்டேன். காயம் ஒண்ணும் இல்ல. ஆனா அவன் கையைக் காட்டலன்னா? அன்னையிலிருந்து தூக்கம் இல்ல. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இதுல பாத்தா நீ எல்லாம் தெரிஞ்சுதான் இருக்க."

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அழுவார் என்று பார்த்தேன், அழவில்லை. அழுக்கு மூட்டை எவ்வளவு பெரியதாக வந்தாலும், அது வந்து இறங்கிவிட்டது என்றால் அவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

"எவ்வளவு காலமா மேல இருக்கீங்க?" என்று கேட்டார்.

"தெரியல. கொஞ்சம் கொஞ்சமா ஏறிட்டேன்."

"போதுங்க. எறங்கி வாங்க."

இதை அண்ணி சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் புரிந்திருக்க வேண்டும். தலையை ஆட்டினார். அது கேட்காமலே செய்கிற தலையாட்டல் இல்லை.

"நாளைக்கே கிடங்குல சொல்லிடுறேன். கீழ நின்னு கட்டு கட்டுற வேலை ஏதாவது தரட்டும்," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "டாக்டர்கிட்டப் போகும்போது நீயும் வா. அவரு என்ன சொல்றாருன்னு எனக்குக் கேக்காது."

அண்ணி சிரித்துவிட்டார். அண்ணனும் சிரித்தார். சண்டை போடக் கிளம்பி வந்த நான்தான், வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு, சமையலறையில் நின்று நன்றாக அழுதேன். எனக்கு அப்படி ஒரு நிம்மதி.